கறளை நீக்கலாம், கைத்தடத்தை நீக்கலாமா?

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உலகப் பத்திரிகைகள் பலவும் ஒரு கிற்றாரைப் பற்றிச் செய்தி வெளியிட்டன. பீற்றில்ஸ் இசைக்குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாங்கிய ஹொஃப்னர் பேஸ் கிற்றார், 1972இல் லண்டனில் ஒரு வாகனத்திலிருந்து திருடப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காணாமற்போயிருந்த அது மீண்டும் உரியவரின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதே அச்செய்தி. அதனை வாசிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவரச் சில திருத்தங்கள் தேவை என்றும் கூறப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் லண்டன் மேடையொன்றில் மக்கார்ட்னி அதனை மீண்டும் வாசித்தார்.

இச்செய்தியில் பலரும் கவனியாது விட்ட ஒரு விடயம் உண்டு. இந்தக் கிற்றார் 1964இலேயே ஒரு தடவை திருத்தப்பட்டது. அதன் உடலுக்குப் புதிதாக வர்ணம் பூசப்பட்டது. இரண்டு பிக்கப்புகளும் ஒரே சட்டத்தில் சேர்த்துப் பொருத்தப்பட்டன. எனவே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் அது இருக்கவில்லை. அதனைத் தேடியவர்களுக்கு, அதேபோன்ற வேறு ஹொஃப்னர்களிலிருந்து அதனைப் பிரித்தறிய உதவிய அடையாளங்களுள் அந்தத் திருத்த வேலையும் ஒன்றாயிற்று.

பழைய பொருள் ஒன்றைத் திருத்துவது பற்றி நம்மிடையே இரண்டு எதிரெதிரான அபிப்பிராயங்கள் உள்ளன. "திருத்துவதென்றால் புத்தம் புதிதாக்கிவிட வேண்டும்" என்பது ஒன்று. "பழமையில் கைவைத்தால் மதிப்புக் கெட்டுவிடும், அப்படியே விட்டுவிடுங்கள்" என்பது மற்றையது. இரண்டுமே பிழையென்பது எனது கருத்து. கறளேறிக் கிடந்த பேஸ் கிற்றார் ஒன்றைத் திருத்தும் வேலையில் சில மாதங்களைச் செலவிட்ட பின்னர் அந்தக் கருத்து எனக்கு உறுதிப்பட்டது. அதற்கான காரணங்களை இங்கு எழுதுவது, கிற்றாரைத் தொட்டே அறியாத வாசகர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் இந்த வாத்தியத்தின் பிறப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்சார பேஸ் கிற்றாரை உலகெங்கும் பரவச் செய்தவர் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர். அவர் இசைக்கலைஞர் அல்லர். கிற்றார் வாசிக்கவும் தெரியாதவர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938இல் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடையொன்றைத் தொடங்கியவர். ஒலிபெருக்கிகளையும் வாத்தியங்களையும் அந்தக் கடைக்குத் திருத்தக் கொண்டுவந்த இசைக்கலைஞர்களிடமிருந்துதான் அவர்களுடைய தேவைகளை அவர் அறிந்துகொண்டார். ஆளுயரத்திற்கு நிற்கும் டபுள் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிவது கடினம். மேடையில் மற்றைய வாத்தியங்களின் சத்தத்தில் அதன் ஒலி அமிழ்ந்துபோகும். இந்தக் குறைக்குப் பரிகாரமாக 1951இல் அவர் வெளியிட்டதே 'பிரிசிஷன் பேஸ்'. 1960இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது.

திருத்துகின்ற ஒருவர் ஒரு பொருளை உருவாக்கினால் அது எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வாத்தியம் நல்ல உதாரணம். அதன் கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்படவில்லை; நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டுள்ளது. கழுத்து வளைந்தால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். முன்தகட்டின் திருகாணிகளைக் கழற்றினால் உள்ளேயிருக்கும் மின்சுற்று முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஒலியின் அளவுக்கு ஒரு மாறுந்தடை, ஒலியின் தன்மைக்கு ஒரு மாறுந்தடை, ஒரு கொள்ளளவி, வயர் செருகும் ஜக் ஒன்று, சில துண்டு வயர்கள். பிரிசிஷன் பேஸின் மின்சுற்று இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்ற ஒரு மாணவன் அரை மணித்தியாலத்தில் அதனை விளங்கிக்கொள்வான். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட பேஸ் கிற்றார்கள் இன்றும் மேடைகளில் ஒலிப்பதற்கு, நல்ல மரம் என்பதைவிட இந்த எளிமையே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

இலங்கைக்கு இந்த வாத்தியம் பொப் இசையோடு வந்தது. 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனெஸ்லி மாலேவன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்கள இசையில் கிற்றாருக்கு ஒரு நிலையான இடத்தைப் பெற்றுக்கொடுத்தது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப்பிசைப் பாடல்களை வீடுதோறும் கொண்டுசென்றார்கள். அக்காலத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருமண வீடுகளிலும் கார்னிவல்களிலும் வாசித்த குழுக்களில், பின்வரிசையில் நின்று நான்கு தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தவரின் பெயர் பெரும்பாலும் எவருக்கும் நினைவிராது. ஆனால் அவர் நிறுத்தினால் ஆட்டமும் நின்றுவிடும்.

நான் குறிப்பிடும் கிற்றார் அத்தகைய ஒருவருடையது. 1970களில் ஜப்பானில் செய்யப்பட்டது. பிரிசிஷன் பேஸின் நகல். அதன் சொந்தக்காரரான எனது நண்பர் 1983இன் பின்னர் நாட்டைவிட்டுச் சென்றவர்களுள் ஒருவர். கிற்றார் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு மிக அண்மையிலிருந்த உறவினர் வீடொன்றில் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அந்த வீட்டைப் புதிதாகக் கட்டுவதற்கு இடிக்க ஏற்பாடானபோது அது என்னிடம் வந்தது. "முடிந்தால் சத்தம் வரச் செய், முடியாவிட்டால் யாருக்காவது கொடு" என்று நண்பர் தொலைபேசியில் சொன்னார்.

கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றிலுள்ள உப்பு உலோகத்தின்மீது படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. குரோமியப் பூச்சு கறளேறாது என்றாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றினூடாக ஈரம் உள்ளே சென்று அடியிலுள்ள இரும்பைத் தின்கிறது. கறள் பருத்து மேற்பூச்சைத் தள்ளி உரிக்கிறது. இத்தோடு வாசித்தவரின் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். அதுவும் உப்புத்தானே. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் சிறிய திருகாணிகள் யாவும் இறுகிப் போயிருந்தன. ஜக்கின் பித்தளைப் பகுதிகளில் பச்சைக் களிம்பு. முறுக்காணிகளுள் ஒன்று சுழலவே மறுத்தது. ஒலியளவுக் குமிழைத் திருப்பினால் மணலில் செருப்புத் தேய்ப்பது போன்ற ஒரு சத்தம்.

முதலில் நான் நகரிலுள்ள ஒரு வாத்தியக் கடைக்கு அதனைக் கொண்டுசென்றேன். அங்கிருந்தவர் முன்தகட்டைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளிருக்கும் மின்சுற்றை முழுவதுமாகப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும், உடலைச் சுரண்டிப் புதிய வர்ணம் பூச வேண்டும், அதற்கு ஆகும் செலவில் புதிய கிற்றார் ஒன்றையே வாங்கிவிடலாம் என்று மூன்று வாக்கியங்களில் தீர்ப்பளித்தார். அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. விற்பவருக்கு விற்பதுதான் தொழில். ஆனால் பார்க்காமலே ஒரு பொருளுக்கு மரணச் சான்றிதழ் எழுதுவது இன்று எல்லாத் துறைகளிலும் வழக்கமாகிவிட்டது என்பதைக் குறிப்பிடாமலிருக்க முடியாது.

பின்னர் நான் நாடியது வானொலி திருத்தும் முதியவர் ஒருவரை. எழுபது வயதைக் கடந்தவர். கிற்றார் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் வயரும் ஈயமும் எங்கும் ஒன்றுதான் என்றார். லியோ ஃபெண்டரின் கதையை அவருக்குச் சொன்னேன். அப்படியானால் இது நம்முடைய ஆள் செய்ததுதான் என்று சிரித்தார்.

முன்தகட்டைக் கழற்றியபோது, எமக்கு முன்னரே ஒருவர் உள்ளே வந்து சென்றிருப்பது தெரிந்தது. ஒலியின் தன்மையை மாற்றும் குமிழில் இருந்த கொள்ளளவி தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதன்று. ஒரு பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பற்றவைக்கப்பட்டது. அளந்து பார்த்தபோது 0.05 மைக்ரோ பரட்டுக்கு அண்மையில் இருந்தது. இந்த வேலைக்கு அது பொருத்தமான அளவே. கழுத்தைக் கழற்றியபோது, அது பொருந்தும் குழியில் நான்காக மடித்த சிகரெட் பெட்டி அட்டைத் துண்டொன்று இருந்தது. கழுத்தின் சாய்வைச் சற்று மாற்றித் தந்திகளைத் தாழ்த்துவதற்கு வாத்தியக்காரர்கள் உலகெங்கும் கையாளும் வழி அது. நண்பரிடம் கேட்டேன். கொள்ளளவியை மாற்றியவர் மருதானையில் வானொலி திருத்திய ஒருவர் என்றும், அட்டையைத் தானே வைத்ததாகவும் சொன்னார். எந்த ஆண்டு, எந்தக் கச்சேரிக்கு முதல்நாள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

இனி வேலையின் விபரம். கறள் பிடித்த மின்வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

இறுகிப்போன திருகாணியைப் பலாத்காரமாகத் திருகக் கூடாது. தலைப் பிளவு சிதைந்துவிட்டால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊடுருவும் எண்ணெயை ஒரு துளி விட்டு ஓரிரவு பொறுத்திருந்தோம். அதற்கும் அசையாத திருகாணிகளின் தலையில் ஈயம் பற்றவைக்கும் கோலின் சூடான நுனியைச் சில விநாடிகள் வைத்தோம். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, கறளின் பிடி தளர்ந்தது. குரோமியப் பூச்சின் மேலிருந்த கறளை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தோம். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது; ஆகையால் பூச்சில் கீறல் விழாது. பிக்கப்புகளுக்கு அருகில் இரும்பு நாரைக் கொண்டுசெல்லவே கூடாது. அதன் துகள்களைக் காந்தங்கள் இழுத்துக்கொள்ளும். பின்னர் எடுப்பது பெரும்பாடு.

மாறுந்தடை என்பது குதிரைலாட வடிவிலான ஒரு கரிப் பாதை. அதன்மேல் ஓர் உலோக நாக்கு உராய்ந்து செல்கிறது. தூசும் களிம்பும் இடையில் சேர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். அந்த இரைச்சல் அதனால்தான். மின்தொடர்புகளைத் துப்புரவாக்குவதற்கென்றே விற்கப்படும் திரவத்தை உள்ளே செலுத்தி, குமிழை முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். வீட்டில் கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயைத் தெளிப்பது நல்லதன்று. அது பிசுக்காகத் தங்கி மேலும் தூசைச் சேர்க்கும். எங்கள் இரண்டு மாறுந்தடைகளுள் தன்மைக்குரியது இதனாலேயே குணமடைந்தது. ஒலியளவுக்குரியதில் கரிப் பாதையே தேய்ந்துபோயிருந்தது. அதனை மட்டும் மாற்றினோம். இத்தகைய பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் அளவே வழமையானது.

இரைச்சல் போனபின்னர் ஓர் ஓயாத முனகல் மிஞ்சியது. தந்தியில் கைவைத்தால் முனகல் குறைய வேண்டும், இதில் குறையவில்லை. அப்படியானால் தந்திகளைப் புவித்தொடர்புடன் இணைக்கும் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள். பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்தபோது அதற்கு அடியில் அந்த வயரின் நுனி களிம்பாகிப் பொடிந்துபோயிருந்தது. அரை அங்குல வயர்; அவ்வளவுதான்.

கடினமானது பிக்கப். இரு பாதிகளாக உள்ள அதனை மல்ரிமீற்றரால் அளந்தபோது, ஒரு பாதி 5 கிலோ ஓம் அளவைக் காட்டியது. மற்றையது எதையும் காட்டவில்லை. சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. பிரிசிஷன் பேஸ் வகைப் பிக்கப்பின் ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ 10,000 சுற்றுகள் இருக்கும். கம்பியோ தலைமயிருக்கும் மெல்லியது, 0.063 மில்லிமீற்றர். உள்ளே அறுந்திருந்தால் முழுவதையும் அவிழ்த்துச் சுற்ற வேண்டும். முதியவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சுருளின் கடைசி நுனி வெளி வயரோடு சேரும் இடத்தில், பச்சைக் களிம்புக்கு நடுவில் கம்பி அறுந்திருந்தது. ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து, நுனியின் பூச்சைச் சவர அலகால் மெல்ல வழித்து, ஒரு துளி ஈயத்தால் ஒட்டினார். மல்ரிமீற்றரின் முள் எழுந்தது. வாத்தியக் கடைக்காரர் எறியச் சொன்ன பிக்கப் அதுதான்.

இவ்வளவும் கறளைப் பற்றியவை. இந்த இடத்தில்தான் கருத்து வேறுபாடுகள் தொடங்குகின்றன. உடலின் மேற்பகுதியில், வாசிப்பவரின் முன்கை படியும் இடத்தில் வர்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. பிக்கப்பின் ஓரத்தில் பெருவிரல் ஊன்றிய ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் மூன்று பிரெட்டுகள் தந்தி அழுந்தி அழுந்திக் குழிந்துள்ளன. பார்த்தவர்களில் பாதிப் பேர் "இவ்வளவு செய்தீர்கள், வர்ணத்தையும் பூசிவிட்டால் என்ன?" என்று கேட்டார்கள். மற்றப் பாதிப் பேர் "ஐயோ, ஒலியளவுக் குமிழையா மாற்றினீர்கள்? பழையதையே வைத்திருக்க வேண்டாமா?" என்றார்கள்.

இரண்டாவது தரப்பாரின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய அமெரிக்கக் கிற்றார்களின் மாறுந்தடைகளில் முத்திரையிடப்பட்ட இலக்கங்கள் ஓர் ஆவணம். 137 என்று தொடங்கினால் சி.ரி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, 304 என்று தொடங்கினால் ஸ்ராக்போல். தொடர்ந்து வரும் இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். வாத்தியம் எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்கமுடியாது என்பதை இவற்றைக் கொண்டு நிறுவலாம். சிந்தனையின்றி அவற்றைப் பிடுங்கி எறிபவர், வாத்தியத்தின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தெறிகிறார். அதற்காக இரைகின்ற மாறுந்தடையை உள்ளே வைத்துக்கொண்டு வாத்தியத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதா? கழற்றியதை ஒரு பையிலிட்டு, என்று, ஏன் கழற்றினோம் என்று எழுதிவைத்தால் போதுமானது. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

பெரிய கலைஞர்கள் தமது வாத்தியங்களை எப்படி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்றே அவருடைய பிரதான வாத்தியம். தந்தி அறுந்தாலன்றி அவர் தந்தியை மாற்றியதில்லை. பழைய, அழுக்கேறிய தந்திகளின் மங்கலான நாதத்தையே அவர் விரும்பினார். அவருடைய தந்திகளை யாராவது 'திருத்தி'ப் பளபளப்பாக்கியிருந்தால் அந்த நாதம் போயிருக்கும். அவர் 1983 ஓகஸ்டில் காலமாவதற்குச் சில நாட்கள் முன்னர் அந்தக் கிற்றார் திருட்டுப்போயிற்று.

ஜாக்கோ பஸ்ரோரியஸ் இதற்கு நேர்மாறானவர். தனது 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் பிரெட்டுகள் நீக்கப்பட்ட கழுத்துக்கு, படகுகளுக்குப் பூசும் எபொக்சிப் பூச்சைப் பூசியவர். பழம்பொருள் அபிமானிகளின் கண்ணில் அது ஒரு குற்றம். ஆனால் வேறு எந்த பேஸிலும் கேட்டிராத பாடும் குரல் அதிலிருந்துதான் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் அந்த வாத்தியம் துண்டு துண்டாக உடைந்தது. கைதேர்ந்த திருத்துநர்கள் அத்துண்டுகளைப் பொருத்தி மீட்டார்கள். 1986இல் நியூயோர்க்கில் அது திருடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜாக்கோவும் மறைந்தார். இருபது ஆண்டுகளின் பின்னர் வெளிப்பட்ட அந்த வாத்தியம், மெற்றாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் ரொபேர்ட் ட்ருஹீயோவின் உதவியால் 2010இல் அவருடைய குடும்பத்தாரிடம் சேர்ந்தது. அதன் விரிசல்களும் ஒட்டுகளும் இன்று அதன் வரலாறாக மதிக்கப்படுகின்றன.

இந்த இரண்டு உதாரணங்களிலிருந்தும் நான் பெறும் முடிவு ஒன்றுதான். வாத்தியம் ஒலிப்பதற்காக உள்ளது. ஒலியைத் தடுப்பது எதுவோ அது திருத்தப்பட வேண்டும். ஒலியைத் தடுக்காதது எதுவோ அதில் கைவைக்கத் தேவையில்லை. செய்கின்ற வேலை, நாளை இன்னொருவர் வந்து மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஈயப்பற்றைச் சூடாக்கி நீக்கிவிடலாம். சுரண்டிய மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

பத்திரிகைத் துறையிலிருந்தவனுக்கு இது புதிய தத்துவமன்று. பிறர் எழுதிய கட்டுரையைச் செப்பனிடும் துணையாசிரியர், எழுத்துப் பிழையைத் திருத்துவார். அச்சில் வந்தால் வாசகனைத் தடுமாறச் செய்யும் வாக்கியத்தைச் சீராக்குவார். எழுதியவரின் நடையைத் தனது நடையாக மாற்றுபவர் துணையாசிரியர் அல்லர். மூலப்பிரதியைக் கோவையில் வைத்திருப்பவரே நம்பத்தகுந்தவர்.

தேய்மானத்தைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவில், புதிய கிற்றாரின் வர்ணத்தை வேண்டுமென்றே தேய்த்து, உலோகத்தைக் கறளேறச் செய்து, பழையதுபோலத் தோன்றும் வண்ணம் விற்கிறார்கள். புதியதாகத் தோன்றும் கிற்றாரைவிட அதற்கு விலை அதிகம். வாழாத வாழ்க்கையின் வடுக்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இங்கோ, ஒருவர் பதினைந்து ஆண்டுகள் கச்சேரி கச்சேரியாக வாசித்துப் பெற்ற தேய்மானத்தைக் காசு கொடுத்து அழிக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பொருளின் தோற்றத்தைத்தான் இருவரும் பார்க்கிறார்கள். பொருளுக்கும் அதைப் பயன்படுத்தியவருக்கும் இருந்த உறவை எவரும் பார்ப்பதில்லை.

எதிர்வாதமொன்றையும் நேர்மையாகக் கவனிக்க வேண்டும். "இந்த வேலைக்குச் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டால் புதிய கிற்றார் மலிவு அல்லவா?" சில வேளைகளில் ஆம். கழுத்து முறுகிப்போய், உள்ளேயிருக்கும் இரும்புக் கோலும் முறிந்திருந்தால் அதனைப் பாகங்களுக்காகக் கழற்றுவதே புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் தீர்ப்பளியுங்கள் என்றுதான் சொல்கிறேன். மேலும் மலிவு என்பது நிரந்தரமன்று. 2022இல் ஒரு டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, 'புதிதாக வாங்கிவிடலாம்' என்ற அறிவுரை ஒரே இரவில் செல்லாக்காசாயிற்று. அந்த நாட்களில் மின்விசிறியையும் தண்ணீர்ப் பம்பியையும் தூக்கிக்கொண்டு நாம் யாரைத் தேடி ஓடினோம் என்பதை இவ்வளவு விரைவில் மறந்துவிடலாகாது.

அந்தத் திருத்துநர்கள்தான் எனது உண்மையான கவலை. எனது கிற்றாரைத் திருத்திய முதியவருக்குச் சீடர் எவருமில்லை. அவருடைய மகன்மார் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள். அவரிடம் பூதக்கண்ணாடியும், நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த கொள்ளளவிகள் நிறைந்த பிஸ்கற் பேணிகளும் இருக்கின்றன. அந்தப் பேணிகளில் எதில் எது இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் திருத்திப் பயன்படுத்தும் உரிமைக்காக 2024இல் ஒரு சட்டப் பணிப்புரையை ஏற்றுக்கொண்டது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி போன்றவற்றைத் திருத்திக் கொடுக்கும் கடப்பாட்டை அது உற்பத்தியாளர்மீது சுமத்துகிறது. பிரான்ஸில் 2021 முதல், ஒரு பொருளை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்பதற்குப் புள்ளியிட்டு விற்பனை செய்யும் முறை வந்தது. தொலைத்த கலையை மீட்பதற்கு அவர்கள் சட்டம் இயற்றுகிறார்கள். நம்மிடம் அந்தக் கலை இன்னும் மருதானையிலும் புறக்கோட்டையிலும் யாழ்ப்பாண நகரின் சந்துகளிலும் எஞ்சியிருக்கிறது. அதனைச் சட்டமின்றியே தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பக் கல்லூரிகளில் புதிய பாடங்கள் பல சேர்க்கப்படுகின்றன, நல்லது. அவற்றோடு, பழுதைக் கண்டுபிடிக்கும் முறையும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும். முழுப் பலகையையும் மாற்றுவதற்கு அறிவு தேவையில்லை. அறுந்த இடம் எது என்று தேடுவதற்கே அறிவும் பொறுமையும் தேவை. பணி ஓய்வு பெற்ற திருத்துநர்களை வாரத்தில் ஒருநாள் அழைத்து மாணவர்களுக்கு முன் உட்காரவைப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிற்றாரோ வயலினோ ஆர்மோனியமோ பழைய வானொலிப் பெட்டியோ கறளேறிக் கிடக்குமானால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதற்கு முன்னர் ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளே உங்களுக்கு முன்னர் வேலை செய்தவரின் கை இருக்கும். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். கழற்றியதை எறியாதீர்கள். செய்த வேலையை ஒரு தாளில் திகதியிட்டு எழுதி உள்ளே வையுங்கள். நாங்கள் எழுதிய தாள் அந்தக் கிற்றாரின் முன்தகட்டுக்கு அடியில், வானொலிக் கொள்ளளவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிகரெட் பெட்டி அட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்ததாகத் திறப்பவர் அதனை வாசித்துக்கொள்ளட்டும்.